சண்டைக்கு நடுவில் நிற்கும் பிள்ளை: பெற்றோர் பிரிவும் மனக்காயமும், ஓர் எளிய அறிமுகம்

"பிள்ளைக்காகவாவது சேர்ந்து இருங்க." விவாகரத்துப் பேச்சு எழுந்த எந்த வீட்டிலும் ஒரு பெரியப்பாவோ அத்தையோ இதைச் சொல்லியிருப்பார். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பிள்ளையைக் காயப்படுத்துவது பிரிவுதான் என்ற முடிவு அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தை உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்டது வேறு. பெற்றோர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா என்பதைவிட, அவர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள், அந்தச் சண்டையில் பிள்ளையை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதற்குத்தான் எடை அதிகம். தினமும் தட்டு பறக்கும் வீட்டிலிருந்து வெளியே வந்த பிள்ளை பிரிவுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குவதும் உண்டு. பிரிந்து ஐந்து வருடம் ஆகியும் வாய்தாவுக்கு வாய்தா சண்டை தொடரும் வீட்டில், அதே பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டே வளர்வதும் உண்டு.

மேவிஸ் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் மணமுறிவு நடந்த குடும்பங்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 25 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச் சிக்கலோ பழகும் விதத்தில் சிக்கலோ இருந்தது. பிரியாத வீடுகளில் அது 10 சதவீதம். ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நான்கில் மூன்று பிள்ளைகள் தேறி வந்துவிடுகிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த நான்காவது பிள்ளையை எப்படிக் காப்பது என்பதுதான் நம் பேச்சு.

மனக்காயம் என்று எதைச் சொல்கிறோம்

நடந்த சம்பவம் வேறு, அது உடலிலும் மனதிலும் விட்டுச்செல்லும் தடம் வேறு. இரண்டாவதைத்தான் மனக்காயம் என்கிறோம். டாக்டர்கள் ட்ராமா என்பார்கள். ஒரே சண்டையை அடுத்த அறையிலிருந்து கேட்ட அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே தடம் விழ வேண்டும் என்றில்லை. தனியாகக் கேட்டார்களா, பக்கத்தில் பாட்டி இருந்தாரா, அப்புறம் யாராவது வந்து தலையைத் தடவினார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும்.

ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்டால் இதயம் படபடக்கும், வயிறு இறுகும், கை கால் ஓடவோ அடிக்கவோ தயாராகும். இரண்டும் முடியாத சின்ன உடல் உறைந்து நிற்கும். சண்டை அரிதாக நடந்து அதே வேகத்தில் தணிந்தால் உடலும் பழைய நிலைக்கு வந்துவிடும். வாரத்துக்கு நான்கு நாள் நடந்தால், பூனை உரசினாலே அலறத் தொடங்கும் கார் அலாரம் மாதிரி ஆகிவிடும் அந்தப் பிள்ளையின் உடல். வகுப்பில் யாரோ டெஸ்க்கைத் தட்டினால் திடுக்கிடும். கணக்கு டீச்சர் குரலை உயர்த்தினால் கண் கலங்கும். ரிப்போர்ட் கார்டில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் அந்தப் பிள்ளையின் கவனமெல்லாம் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்ப்பதிலேயே செலவாகிறது.

1998-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்களின் ஆய்வு வெளியானது. குழந்தைப் பருவத்தில் பட்ட துன்பங்கள் கூடக்கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வு, குடி, இதய நோய் போன்றவற்றின் வாய்ப்பும் கூடுகிறது என்று அது காட்டியது. ஆய்வு தொடர்ந்து மொத்தம் 17,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் எண்ணிய துன்பங்களில் பெற்றோர் பிரிவும் ஒன்று, அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பதும் ஒன்று. இந்த ஆய்வை இப்போது இணையத்தில் ஜாதகம் பார்ப்பதுபோல் பயன்படுத்துகிறார்கள்; மதிப்பெண் போட்டு "என் பிள்ளை வாழ்க்கை போச்சு" என்று அழுகிறார்கள். அது பெரிய கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒரு பிள்ளையின் தலைவிதியை அதில் படிக்க முடியாது. பிள்ளையோடு நிலையாக நிற்கும் ஒரு பெரியவர் இருந்தாலே நிலைமை வெகுவாக மாறுகிறது என்பதும் இதே துறையின் முடிவுதான். அந்த ஒருவர் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருந்தால் நல்லது. தாத்தாவோ டியூஷன் அக்காவோ கூட ஆகலாம்.

வயதுக்கு வயது மாறும் அறிகுறி

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டைவர்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. குரலின் சூடு தெரியும். தூக்கம் கெடும், சாப்பாட்டில் முரண்டு பிடிக்கும், இடுப்பை விட்டு இறங்காது. நான்கு, ஐந்து வயதில் விட்ட பழக்கங்கள் திரும்பி வரும். மழலை திரும்பும், படுக்கை நனையும். இந்த வயதுப் பிள்ளைக்கு உலகமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது. அதனால் "நான் பால் குடிக்காம அடம் பிடிச்சேன், அதான் அப்பா போயிட்டாரு" என்று உண்மையாகவே நம்பும். யாரும் கேட்காவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

ஏழு, எட்டு வயதில் இருவரையும் சேர்த்து வைக்கும் திட்டங்கள் தொடங்கும். காய்ச்சல் வந்தால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு அடிக்கடி வயிறு வலிக்கும். நடிப்பு என்று திட்ட வேண்டாம். வலி நிஜமாகவே இருக்கும். பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளை நியாயம் பேசத் தொடங்கிவிடும். யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்லி ஒரு பக்கம் சாயும். பதின்மத்தில் சிலர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சிலர் வீட்டுக்கே வருவதில்லை.

இதில் நம் வீடுகளில் கண்ணில் படாமல் போகும் ஒரு பிள்ளை உண்டு. பெரும்பாலும் மூத்த பெண். அம்மா அழுதால் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். தம்பியைக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்புவாள். தீபாவளிக்குத் துணி வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவாள். மார்க் குறையாது. வருகிறவர்கள் எல்லாம் "இந்த வயசுலயே என்ன பொறுப்பு பாரு" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். கத்தி ரகளை செய்யும் தம்பியைக் கவுன்சலரிடம் கூட்டிப்போவார்கள், இவளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலில் கவலைப்பட வேண்டியது இவளைப் பற்றித்தான். பதினோரு வயதில் ஒரு பெரிய மனுஷியின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு, தான் சாய ஓர் இடமில்லாமல் நிற்கிறாள். அவளுக்குப் பாராட்டைவிட, "இது உன் வேலை இல்லம்மா, நான் பாத்துக்கிறேன், நீ போய் விளையாடு" என்ற வார்த்தை தேவை. சொல்வதோடு நிற்காமல் அந்த வேலையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

தூதன், ஒற்றன், சாட்சி

ஒரு ஞாயிறு சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பையன் இரண்டு நாள் அப்பா வீட்டில் இருந்துவிட்டு ஆறு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்குகிறான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னடா சாப்பிட்ட? ஹோட்டல் சாப்பாடுதானா?" என்கிறார் பாட்டி.

"வீட்ல வேற யாராச்சும் இருந்தாங்களா? அந்த ஆன்ட்டி வந்தாங்களா?" என்கிறாள் அம்மா.

"ஸ்கூல் ஃபீஸைப் பத்தி அப்பாகிட்ட கேக்கச் சொன்னேனே, கேட்டியா?"

பையன் பையை மூலையில் எறிகிறான். "எனக்குத் தெரியாது" என்கிறான். "பாரு, அங்க போயிட்டு வந்தாலே இப்படித்தான், என்னத்தச் சொல்லி அனுப்புறானோ" என்று பாட்டி முணுமுணுக்கிறார். அடுத்த வாரம் அந்த வீட்டிலும் இதே விசாரணை, இதே முணுமுணுப்பு.

இரண்டே நிமிடத்தில் அந்தப் பையன் மூன்று வேலை பார்த்திருக்கிறான். ஃபீஸ் விஷயத்தில் தூதன். ஆன்ட்டி விஷயத்தில் ஒற்றன். சாப்பாட்டு விஷயத்தில் சாட்சி. தூதும் ஒற்றும் ராஜாக்கள் காலத்தில் தேர்ந்த ஆட்களுக்கே கொடுத்த வேலை. மாட்டினால் தலை போகும். மூன்றாம் வகுப்புப் பையனிடம் அதைக் கொடுத்துவிட்டு, ஏன் வள்ளென்று விழுகிறான் என்று கேட்கிறோம். அவன் எந்தப் பதில் சொன்னாலும் யாரோ ஒருவருக்குத் துரோகம். "நல்லா இருந்துச்சு" என்றால் அம்மா முகம் வாடும். "நல்லா இல்ல" என்றால் அது நாளைக்கு வக்கீல் நோட்டீஸில் ஏறும். அதனால் "தெரியாது" என்கிறான். அந்த நிலைமையில் அதுதான் இருப்பதிலேயே புத்திசாலித்தனமான பதில்.

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரம் எந்தப் பிள்ளைக்கும் சிரமம்தான். அங்கே என்ன கொடுமை நடந்தது என்று தேடிப் போக வேண்டாம். கை கால் கழுவட்டும், சாப்பிடட்டும், கொஞ்சம் டிவி பார்க்கட்டும். பேச வேண்டுமென்றால் தானாகப் பேசும். "மாமா வண்டியில கூட்டிட்டுப் போனாரும்மா" என்று ஆரம்பித்தால், "அப்படியா, நல்லாருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மீதியை அதன் போக்கில் விடலாம்.

இன்னொன்று, 'நீ யார் பக்கம்' என்று நேரடியாக யாரும் கேட்பதில்லை என்று நினைக்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்து பாருங்கள். "அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?" என்று நான்கு பேர் முன்னால் கேட்கும் சித்தப்பா இருப்பார். அந்த இடத்தில் குறுக்கே விழுந்து பேச்சை மாற்றுவது பெற்றோரின் வேலை. சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

என்ன சொல்வது

"அப்பா துபாய்ல வேலைக்குப் போயிருக்காரு." நம் ஊரில் இந்தப் பொய் வெகு சாதாரணம். ஏதாவது ஒரு கல்யாண வீட்டில், ஏதாவது ஒரு அண்ணன் வாயால் அது உடையும். அப்போது பிள்ளைக்கு அப்பா போனது மட்டுமல்ல, அம்மாவின் வார்த்தையும் போய்விடும். உண்மையைச் சொல்லலாம், முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. யார் யாரை ஏமாற்றினார்கள், நகை எங்கே போனது என்பதெல்லாம் பிள்ளைக்கான சங்கதி இல்லை. முடிந்தால் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, முடியாவிட்டால் ஒருவர் மட்டும், இப்படிச் சொல்லலாம்:

"அப்பாவும் அம்மாவும் இனிமே வேற வேற வீட்ல இருக்கப் போறோம். இது பெரியவங்க எடுத்த முடிவு. நீ செஞ்ச எதுனாலயும் இல்ல. நீ என்ன செஞ்சாலும் இது மாறாது. நாங்க ரெண்டு பேரும் எப்பவும் உன் அப்பா அம்மாதான். நீ இந்த ஸ்கூல்லயேதான் படிப்ப. செவ்வாய்க்கிழமை கராத்தே கிளாஸ் அப்படியே இருக்கு. சனி, ஞாயிறு அப்பாகிட்ட இருப்ப."

கராத்தே கிளாஸ் வரை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரியவர்கள் 'எதிர்காலம்' என்று கவலைப்படும்போது பிள்ளை 'என் சைக்கிள் எந்த வீட்டில் இருக்கும்' என்று கவலைப்படுகிறது. சைக்கிளுக்குப் பதில் கிடைத்தால் பாதி பயம் போய்விடும். "நீ செய்யவில்லை" என்பதை ஒருமுறை சொல்லி முடித்துவிட முடியாது. மாதக்கணக்கில், வேறு வேறு சமயங்களில் சொல்ல வேண்டியிருக்கும். "நீ என்ன செஞ்சாலும் மாறாது" என்பதும் முக்கியம். சேர்த்து வைக்கும் பொறுப்பிலிருந்து பிள்ளையை விடுவிப்பது அதுதான்.

மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளரின் குழு பெற்றோர் சண்டையைப் பார்க்கும் குழந்தைகளை ஆராய்ந்தது. சண்டை நல்லபடியாக முடிந்ததைப் பார்த்த குழந்தைகளின் கலக்கம் கணிசமாகத் தணிந்தது. எனவே பிள்ளை முன்னால் வெடித்துவிட்டீர்கள் என்றால், "நேத்து நாங்க கத்திப் பேசினது உனக்குப் பயமா இருந்திருக்கும். அந்த விஷயத்தை இப்ப பேசி முடிச்சுட்டோம்" என்று மறுநாள் சொல்வது வெறும் சமாதானப் பேச்சு ஆகாது. முடிக்காமலேயே முடித்துவிட்டோம் என்று சொன்னால் மட்டும் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

பேசிக்கொள்ளவே முடியாத பெற்றோர்

"பிள்ளைக்காக நண்பர்களாகிவிடுங்கள்" என்ற அறிவுரை சுமுகமாகப் பிரிந்தவர்களுக்குப் பொருந்தும். ஒருவர் குரலைக் கேட்டாலே இன்னொருவருக்கு ரத்தம் கொதிக்கிறது என்றால், ஒன்றாக உட்கார வைப்பதே பிள்ளைக்குத் தீங்கு. இவர்களுக்கு உளவியலாளர்கள் சொல்வது இணைகோட்டு வளர்ப்பு. தண்டவாளம் மாதிரி அவரவர் பாதையில் அவரவர். சந்திப்புகள் முடிந்தவரை குறைவு. அவர் வீட்டில் அவர் விதி, இவர் வீட்டில் இவர் விதி. அங்கே இரவு பத்து மணிக்குத் தூங்க விடுகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். மருந்து, படிப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றைத் தவிர மற்றதில் தலையிட வேண்டாம்.

பேச்சு எழுத்தில் மட்டும், பிள்ளையைப் பற்றி மட்டும். எப்படி எழுதுவது? "வழக்கம்போல உன் பொறுப்பில்லாத்தனத்தால குழந்தைக்கு ஜுரம் வந்துடுச்சு, உங்க அம்மா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்திருப்பாங்க" என்பது ஒரு வகை வாட்ஸ்அப். "வெள்ளி இரவு முதல் ஜுரம், 101. டாக்டர் பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. சனிக்கிழமை அனுப்புகிறேன், மருந்து பையில் இருக்கும்" என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் சண்டை போட ஒன்றுமே இல்லை. கோர்ட்டில் நீதிபதி படித்தாலும் கூச்சப்பட வேண்டியதில்லை. அனுப்பும் முன் அந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பிள்ளையை ஒப்படைக்கும் நேரம்தான் பெரும்பாலான வெடிகளுக்கு நேரம். அதற்கு ஒரு சுலபமான வழி பள்ளிக்கூடம். வெள்ளி காலை ஒருவர் பள்ளியில் விடுகிறார், மாலை இன்னொருவர் அழைத்துப்போகிறார். இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டிய அவசியமே வராது. வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இவை எல்லாமே இருபக்கச் சண்டைக்குச் சொன்னவை. ஒருவர் அடிக்கிறார், மிரட்டுகிறார், பின்தொடர்கிறார், மற்றவர் பயந்து வாழ்கிறார் என்றால் அதைச் சண்டை என்று சொல்லக் கூடாது, அது வன்முறை. அங்கே 'இரண்டு பேரும் விட்டுக்கொடுங்கள்' என்பது ஆபத்தான அறிவுரை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ், மாஜிஸ்திரேட் குழந்தையைத் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ஒப்படைக்கலாம். எதிர்த்தரப்பு வந்து பார்ப்பது குழந்தைக்குக் கேடு என்று தெரிந்தால் அதை மறுக்கவும் செய்யலாம்.

"நான் போக மாட்டேன்"

இந்த வார்த்தை வந்ததும் இரு தரப்பும் தயாராக வைத்திருக்கும் விளக்கத்தை எடுத்துவிடுவார்கள். "அங்கே கொடுமை நடக்கிறது" என்பார் ஒருவர். "சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறார்கள்" என்பார் மற்றவர். ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-ல் இந்த இரண்டாவதற்கு ஒரு நோய்ப் பெயரே சூட்டினார். ஒரு பெற்றோர் தூண்டிவிட்டுப் பிள்ளை மற்றவரைக் காரணமில்லாமல் வெறுப்பது என்பது அதன் சாரம். மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்கள் அதை நோயாக ஏற்கவில்லை. உண்மையான வன்முறைப் புகாரைத் தள்ளிவிட அது ஆயுதமாகிறது என்று கடும் எதிர்ப்பும் உண்டு. அதே சமயம் பிள்ளை மனதில் விஷம் ஏற்றுவது நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் உச்ச நீதிமன்றமே 2017-ல் ஒரு வழக்கில் இதைக் குறிப்பிட்டுப் பேசியிருக்கிறது.

போக மறுப்பதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். அங்கே விளையாட ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் பிறந்தநாள் அன்றைக்குத்தான். அம்மாவைத் தனியாக விட்டுப்போனால் அழுவாள் என்ற பயம். வாசலில் நடக்கப்போகும் சண்டையைப் பற்றிய பயம். அல்லது உண்மையிலேயே அங்கே யாரோ தவறாக நடந்துகொள்கிறார்கள். அதனால் முதலில் செய்ய வேண்டியது அமைதியாகக் கேட்பது: "போறதுல எது உனக்குக் கஷ்டமா இருக்கு?" அடி, பாலியல் சீண்டல் என்று வந்தால் உடனே குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அப்படி இல்லாவிட்டால், "ஆமாடா, கஷ்டமாத்தான் இருக்கும். அங்க போனா அப்பா உன்ன நல்லா பாத்துப்பாரு. நானும் இங்க நல்லாத்தான் இருப்பேன்" என்று அனுப்பலாம். பல பிள்ளைகள் காத்திருப்பது அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான்.

2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், பிள்ளையைப் பார்க்க வரும் பிரிந்த துணையை விருந்தாளியாக நடத்துங்கள் என்று சொன்னது. 'அதிதி தேவோ பவ' என்ற மரபை எடுத்துக்காட்டிய உத்தரவு அது. அப்போது சிலர் இதைக் கிண்டல் செய்தார்கள். வந்தவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுப்பதைப் பார்க்கும் பிள்ளையின் தோள் இறங்குவதைக் கவனித்தவர்கள் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

கோர்ட்டும் பிள்ளையும்

ஐந்து வயதானால் பிள்ளை தானாக அப்பாவிடம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தவறு. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் கொடு என்று அது சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி எந்த முடிவிலும் குழந்தையின் நலனே முதன்மை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம் என்கிறது. கஸ்டடி உத்தரவு கல்வெட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2024-ல் ஒரு சிறுவன் விஷயத்தில் தானே உறுதிசெய்த உத்தரவை, அது அவனுடைய மனநலத்தைக் கெடுத்தது மருத்துவ அறிக்கைகளில் தெரிந்ததும், 2025-ல் மாற்றியது. தூரத்தில் இருக்கும் பெற்றோர் போனிலோ வீடியோ காலிலோ பிள்ளையோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச உரிமை வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் ஸ்பீக்கரில் போடாமல் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசலாம். முந்தைய இரவு ஒத்திகை பார்க்காதீர்கள். "அங்க ஒரு மேடம் உன்கிட்ட பேசுவாங்க. உனக்குத் தோணுறத சொல்லு. தெரியாட்டி தெரியலன்னு சொல்லு. யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்றது அவங்க வேலை, உன் வேலை இல்ல." இது போதும். ஒத்திகை பார்த்த பதில் பத்தாவது வார்த்தையிலேயே தெரிந்துவிடும். 'ஜீவனாம்சம்' என்ற சொல்லை ஏழு வயதுப் பிள்ளை தானாகப் பேசாது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒப்பந்தத்தில் 'விடுமுறையில் பாதிப் பாதி' என்று எழுதினால் அது அடுத்த சண்டைக்கு முதலீடு. பொங்கல் எந்த வருடம் யார் வீட்டில், மே மாத லீவு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பிறந்தநாள் காலையா மாலையா, ஊர்த் திருவிழாவுக்கு யார் கூட்டிப்போவது என்று அற்பமாகத் தோன்றும் அளவுக்கு விவரமாக எழுதிக்கொள்ளுங்கள். சமரச மையத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அப்படி ஒரு மையம் 2005-லிருந்தே இயங்குகிறது.

எப்போது ஆளைப் பார்க்க வேண்டும்

பிரிவு நடந்த முதல் சில வாரங்களில் அழுகை, கோபம், தூக்கக் குறைவு எல்லாம் எதிர்பார்க்கக் கூடியவைதான். ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் நீடித்தாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ, அதே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தாலோ, நண்பர்களை ஒதுக்கினாலோ குழந்தை உளவியலாளரைப் பார்க்கலாம். "நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்று ஒரு வார்த்தை வந்தாலும், கையில் கீறிக்கொண்டாலும் ஒரு மாதம் எல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் உளவியலாளர் பொம்மை, மணல், படம் வரைதல் என்று விளையாட்டு வழியாகவே பேசுவார். 'விளையாடத்தான் இவ்வளவு ஃபீஸா' என்று தோன்றலாம். அந்த வயதில் பிள்ளை பேசும் மொழி அதுதான். பெரிய பிள்ளைகளுக்கு மனக்காயத்துக்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சை இருக்கிறது. அதில் கூடவே இருக்கும் பெற்றோருக்கும் பங்கு உண்டு.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். சிகிச்சை தரும் உளவியலாளரிடம் போய் "கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் குடுங்க" என்று கேட்காதீர்கள். நீதிமன்றத்துக்கு மதிப்பீடு தேவையென்றால் அதற்கு வேறு ஒருவரை நீதிமன்றமே கேட்கும். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. தான் பேசியதெல்லாம் ஃபைலில் போகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அந்த அறையிலும் "தெரியாது" என்றே சொல்லத் தொடங்கும்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகும் முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்காகத்தான் அழைக்க வேண்டும் என்றும் இல்லை. தூங்காமல் கிடக்கும் அம்மாவோ அப்பாவோ தனக்காகவும் அழைக்கலாம்.